முதன்முறையாக வாடிவாசலுக்குக் காளை கொண்டுபோகிறவர்களுக்கு

ஜல்லிக்கட்டில் காளைகளை அவிழ்த்துவிடும் வாசலான வாடிவாசலை விட்டு வெளியே வந்த காளை களத்தைக் கடந்து போவதற்குப் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காகக் காளையின் உரிமையாளர் முந்தைய நாள் இரவே வண்டியோடு வந்து வரிசையில் நிற்கிறார். மாடு களத்தைக் கடந்து ஓடிய பிறகு, கையில் கயிற்றோடு அதன் பின்னால் வயல்வெளியெல்லாம் அலைகிறார். புதிதாகக் காளை வளர்க்கத் தொடங்கியவர்களில் பலர் தீபாவளி முடிந்ததிலிருந்தே நீச்சல், நடை, மண் குத்தும் பயிற்சி என்று அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் காளையைத் தயார்செய்துவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள நீண்ட பொழுதை எப்படிக் கடத்துவது என்பதை யோசிக்காமலேயே வந்துவிடுகிறார்கள். திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் அப்பாவும் தம்பியும் பார்த்துக்கொள்ளும் காளையை முதன்முறையாகத் தாமே அவிழ்க்க வேண்டும் என்று பொங்கலுக்கு விடுப்பு எடுத்து வருகிறவர்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். காளையை வளர்க்கும் முறையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு ஜல்லிக்கட்டு நாளை, காளைக்கும் உங்களுக்கும் சேதாரம் இல்லாமல் எப்படி நடத்தி முடிப்பது என்பதே இங்கு விஷயம்.

எந்த ஊருக்குப் போவது

மதுரையைச் சுற்றிய பகுதிகளில் எல்லார் கண்ணும் மூன்று ஊர்களின் மேல்தான் இருக்கும். தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் மாட்டுப் பொங்கலன்று பாலமேடு, அதற்கு அடுத்த நாள் அலங்காநல்லூர் என்பது வழக்கமான வரிசை. அவனியாபுரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் அங்கே களம் என்பது வீடுகளுக்கு நடுவிலுள்ள சாலைதான். பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல். அலங்காநல்லூரில் முனியாண்டி கோயிலை ஒட்டிய, பெயர்பெற்ற அந்த வாடிவாசல். இவை தவிர, வகுத்துமலை அடிவாரத்தில் கீழக்கரை கிராமத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட ஏறுதழுவுதல் அரங்கமும் இருக்கிறது.

முதல் காளையை முதல் முறையே அலங்காநல்லூரில் அவிழ்க்க வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பதிவாகும் காளைகளின் எண்ணிக்கை மிக அதிகம்; கூட்டமும் ஒலிபெருக்கிச் சத்தமும் பழகாத மாட்டை மிரளவைக்கும்; களத்தில் நிற்பவர்களோ பல ஊர்களில் பிடித்துத் தேறிய வீரர்கள். ஜல்லிக்கட்டு நடத்த அனுமதியுள்ள காலம் ஜனவரி முதல் மே வரை நீள்வதால், பொங்கல் கழிந்த பிறகு மதுரை, சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை மாவட்டங்களில் சிறிய ஊர்களின் ஜல்லிக்கட்டுகள் பல நடக்கும். அவற்றில் ஒன்றிரண்டில் மாட்டை அவிழ்த்து, அது வாடியை விட்டு எப்படி வெளியேறுகிறது, கூட்டத்தைக் கண்டு நிற்கிறதா அல்லது ஒரே ஓட்டமாக ஓடிவிடுகிறதா, ஓடிய பிறகு உங்கள் குரலுக்குத் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டு, மறு ஆண்டு பெரிய வாடிக்குப் போவது நல்லது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சிவகங்கைப் பக்கம் நடக்கும் மஞ்சுவிரட்டில் மாடு பெரும்பாலும் திறந்த பொட்டலில் ஓடும். வடமாடு என்றால் நீண்ட வடத்தில் கட்டிய காளையை ஒன்பது பேர் கொண்ட குழு அடக்க முயலும். வாடிவாசல் வழியாக வந்து பழகிய மாட்டை எந்த முன்பழக்கமும் இல்லாமல் வடத்தில் கட்டினால் அது தன்னையே காயப்படுத்திக்கொள்ளக்கூடும்.

பதிவும் தகுதிச் சான்றும்

மதுரை மாவட்டத்தின் மூன்று பெரிய ஜல்லிக்கட்டுகளுக்கும் பதிவு இணையவழியில், மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் நடக்கிறது. அறிவிப்பு பெரும்பாலும் ஜனவரி முதல் வாரத்தில் வரும். பதிவுக்கான கால அவகாசம் மிகக் குறைவு என்பதால், அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேடக் கிளம்பினால் நேரம் போதாது. அண்மை ஆண்டுகளில், ஒரு காளை இந்த மூன்று ஊர்களில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே பங்கேற்கலாம் என்ற நிபந்தனை இருந்துவருகிறது. ஆகையால் எந்த ஊர் என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள். அண்ணன் ஓர் ஊருக்கும் தம்பி வேறோர் ஊருக்கும் ஒரே மாட்டைப் பதிவுசெய்துவிட்டுப் பின்னர் விழிப்பது ஆண்டுதோறும் எங்காவது நடக்கிறது. பதிவுசெய்தவர்களின் ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டு, தகுதியானவர்களுக்கு மட்டும் டோக்கன் கிடைக்கும். டோக்கன் இல்லாமல் மாட்டை ஏற்றிக்கொண்டு வந்து, ‘ஊர்ப் பெரியவரைத் தெரியும், உள்ளே விட்டுவிடுவார்’ என்று நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. மாட்டுக்குத்தான் அலைச்சல்.

பதிவுக்குத் தேவையான ஆவணங்களில் முக்கியமானது கால்நடை மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்று. மருத்துவர் பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார், உயரத்தை அளப்பார், கண், கொம்பு, குளம்பு, தோல் ஆகியவற்றைப் பார்ப்பார். சான்றில் காளையோடு உரிமையாளர் நிற்கும் படமும் இடம்பெறுவதால், மாட்டைக் கொண்டுபோகப் போகிறவரே அந்தப் படத்தில் இருப்பது பின்னால் வரும் வாக்குவாதங்களைத் தவிர்க்கும். கோமாரி நோய்க்கான தடுப்பூசியை மார்கழிக்கு முன்பே போட்டு முடித்துவிடுங்கள். ஜல்லிக்கட்டுக்கு முந்தைய வாரத்தில் ஊசி போட்டுக் காளை காய்ச்சலோடு நின்றால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நாட்டு இனக் காளைகள் மட்டுமே ஜல்லிக்கட்டில் பங்கேற்க வேண்டும், கலப்பினங்களை அனுமதிக்கக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 செப்டம்பரில் உத்தரவிட்டது. திமில் சிறுத்துத் தோற்றத்தில் ஐயம் எழுப்பும் மாட்டுக்கு மருத்துவர் சான்று தர மறுப்பதற்கு இதுவே காரணம். மதுரைப் பக்கத்துக்குப் புலிக்குளம் மாடு சொந்த இனம். காங்கேயம், தேனி மலைமாடு, உம்பளச்சேரி, பர்கூர் ஆகியவையும் களத்தில் ஓடுகின்றன. சந்தையில் விற்பவர் சொல்லும் இனப்பெயரை அப்படியே நம்பி வாங்காமல், மாட்டைப் பார்த்துத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது செலவில்லாத பாதுகாப்பு.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் உரிமையாளர் அறிந்திருக்க வேண்டும். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 ஜனவரிப் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2017 விதிகள் இருப்பதால்தான் ஜல்லிக்கட்டு நடக்கிறது. கண்ணில் மிளகாய்ப் பொடி, வாயில் சாராயம், வாலை முறுக்குதல், குத்தூசி போன்றவை எல்லாம் அந்த விதிகளின்படி குற்றம். ‘அந்தக் காலத்தில் செய்ததுதானே’ என்று வாடிக்குள் யாராவது உங்கள் மாட்டின்மேல் கைவைத்தால் தடுக்க வேண்டியது முதலில் நீங்கள். ஒரு மாட்டுக்காரர் செய்யும் அற்பச் செயல் கேமராவில் பதிவாகி, ஊருக்கே அடுத்த ஆண்டு அனுமதி கிடைக்காமல் போகலாம்.

முந்தைய இரவு

மாட்டை ஏற்றும் வண்டி பெரும்பாலும் குட்டியானை எனப்படும் சிறிய சரக்கு வண்டிதான். அதன் தளம் வழுக்கும் தகடு என்பதால் மணலோ வைக்கோலோ கனமாகப் பரப்ப வேண்டும். காளையின் தலை முன்பக்கம் பார்த்திருக்கும்படி, படுக்காமல் நிற்கக்கூடிய அளவுக்குக் கயிற்றை விட்டுக் கட்டுங்கள். மிகவும் இழுத்துக் கட்டினால் வண்டி பிரேக் போடும்போது மூக்குத் துளை கிழியும். இரண்டு காளைகளை ஒரே வண்டியில் ஏற்றி மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம்.

முந்தைய நாள் மாலை வழக்கமான தீவனத்தில் பாதியளவு போதும். பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சையும் வயிறு நிறைய ஊட்டி ‘தெம்பு ஏற்றி’ அனுப்புவது அன்பால் செய்யப்படும் கெடுதல். மாட்டின் பெருவயிறு நிறைந்திருந்தால் நுரையீரல் விரிய இடம் குறையும். ஓடும்போது மூச்சு முட்டும். வண்டியில் நீண்ட நேரம் நின்றபடி வருவதால் வயிறு உப்பிக்கொள்ளவும் கூடும். ஓர் அணைப்பு வைக்கோல், தேவையான தண்ணீர், அவ்வளவுதான். தண்ணீரை வீட்டிலிருந்தே கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்; பழக்கமில்லாத தண்ணீரைச் சில மாடுகள் முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் நிற்கும்.

உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறார்கள். டோக்கனின் அச்சுப்படி இரண்டு, சான்றின் மூலப்படி, ஆதார் அட்டை ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பைக்குள் வையுங்கள், வண்டியின் டேஷ்போர்டில் வேண்டாம். புதிய மூக்கணாங்கயிறு ஒன்று, கழுத்துக்கயிறு ஒன்று, சுருக்குப் போட்டு வீசக்கூடிய நீண்ட கயிறு ஒன்று, இவை மூன்றும் கட்டாயம். மஞ்சள் தூள், வேப்பெண்ணெய், சுத்தமான துணி, ஒரு வாளி, டார்ச் லைட், போர்வை. தை மாதப் பனியில் அலங்காநல்லூர்ச் சாலையோரம் இரவு முழுவதும் நிற்பது நகரத்துப் பழக்கமுள்ளவர்களுக்கு எளிதன்று. கைபேசிக்குப் பவர் பேங்க் மறக்க வேண்டாம். மாடு தொலைந்தால் அந்தக் கைபேசிதான் உங்களுக்கு எல்லாம். கிளம்பும் முன் காளையின் இரு பக்கங்களையும், முகத்தையும், கொம்பையும், தனித்த மச்சம் அல்லது மறை ஏதாவது இருந்தால் அதையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். ‘செவலைக் காளை, கொம்பு விரிந்தது’ என்று சொன்னால் அன்றைக்கு அந்த வட்டாரத்தில் ஐம்பது மாடு தேறும்.

வரிசையில்

காளையோடு உரிமையாளர் ஒருவரும், மாட்டுக்கு நன்கு பழக்கமான உதவியாளர் ஒருவரும் மட்டுமே அனுமதிக்கப்படுவது நடைமுறை. மாமன் மச்சான் பத்துப் பேர் ஒரே நிறச் சட்டை அணிந்து வந்தாலும் அவர்கள் தடுப்புக்கு வெளியேதான். அந்த இரண்டாவது ஆள் யார் என்பதைப் பாசத்தின் பேரில் முடிவுசெய்யாதீர்கள். நாள்தோறும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவர், அவர் வயதானவராக இருந்தாலும், அவர்தான் வர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வாரமே ஆன உரிமையாளரைவிட அவரைத்தான் காளைக்குத் தெரியும்.

குடித்துவிட்டு வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. கால்நடைத் துறையினர் மாட்டை மீண்டும் பரிசோதிப்பார்கள். காயம், சோர்வு, ஊக்கமருந்து ஐயம் ஏதாவது இருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள். அவர்களோடு சண்டை போடுவது வீண். வரிசையில் நிற்கும் காளைக்குக் குறைந்தது 60 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. காத்திருக்கும் இடத்தில் நிழலும் தண்ணீரும் இருக்க வேண்டும். நெரிசலான இடத்தில் உங்கள் மாட்டுக்கும் முன்னால் நிற்கும் மாட்டுக்கும் இடையே ஓர் ஆள் நீளமாவது இடைவெளி விடச் சொல்லி அண்டை மாட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள். ‘அண்ணே, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க, இது புது மாடு’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பழைய மாட்டுக்காரர்களே கயிற்றைப் பிடித்து உதவுவார்கள்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். டோக்கன் கையில் இருந்தாலும், நேரம் முடிந்துவிட்டால் உங்கள் மாடு அவிழ்க்கப்படாமலேயே திரும்பலாம். பெரிய வாடிகளில் காலையில் தொடங்கி மாலை ஐந்து, ஆறு மணிக்குள் முடித்தாக வேண்டும். வரிசையின் பின்பகுதியில் நிற்பவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் இந்த ஏமாற்றம் உண்டு. கடைசி நேரத்தில் முண்டியடித்துத் தடுப்பை உடைத்து மாட்டை உள்ளே நுழைக்கப் பார்ப்பதில் இரண்டு மாடுகள் மோதிக்கொண்டு கால் முறிவதுதான் மிச்சம். கோபத்தை அடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதே மாட்டுக்கு நல்லது.

வாடிக்குள்

வாடிவாசலின் பின்புறம் ஒரு குறுகலான தடம். காளை திரும்ப முடியாத அகலம். முன்னால் உள்ள மாடு வெளியேறியதும் உங்கள் டோக்கன் எண்ணையும் ஊரையும் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்வார்கள், ஒலிபெருக்கியில் அதுதான் அறிவிக்கப்படும். அந்த நேரத்தில் காளையின் விலா துடிப்பது கையில் தெரியும். மூச்சுக்காற்று மூக்கணாங்கயிற்றைச் சுற்றி ஈரமாக அடிக்கும். காது இரண்டும் வெளியே கேட்கும் கூச்சலின் பக்கம் திரும்பி நிற்கும். நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள். என்ன பேசுகிறீர்கள் என்பது பொருட்டல்ல, தினமும் தொழுவத்தில் பேசும் அதே குரலாக இருந்தால் போதும்.

மூக்கணாங்கயிற்றை அவிழ்ப்பதா அறுப்பதா என்பதை முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். முடிச்சு இறுகியிருந்தால் அவிழ்க்க நேரம் இருக்காது. பெரும்பாலும் அறுத்துத்தான் உருவுகிறார்கள். அறுப்பவர் கயிற்றின் ஒரு முனையை மூக்குத் துளைக்கு மிக அருகில் அறுத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்து ஒரே சீராக உருவ வேண்டும். முடிச்சுள்ள பக்கத்தைத் துளை வழியாக இழுத்தால் மூக்குத் தண்டு கிழிந்துவிடும். இது இரண்டு நொடி வேலைதான், ஆனாலும் வீட்டில் ஒருமுறை பழகிப் பார்க்காமல் அங்கே முயலக்கூடாது. கயிறு கழன்றதும் பக்கவாட்டில் ஒதுங்கிவிடுங்கள். முதுகில் தட்டுவது, வாலைத் திருகுவது எதுவும் வேண்டாம். முன்னால் வெளிச்சம் தெரிந்தால் மாடு தானாகவே போகும். போகாத மாடு இன்னும் தயாராகவில்லை என்று பொருள், அதைக் கூட்டிக்கொண்டு வருவதில் அவமானம் ஏதுமில்லை.

களத்தில் நடப்பது இனி உங்கள் கையில் இல்லை, ஆயினும் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். வீரர் திமிலை மட்டுமே பிடிக்கலாம். கொம்பையோ வாலையோ பிடித்தால் அது பிடியாகாது. திமிலைத் தழுவியபடி காளையோடு 15 மீட்டர் ஓட வேண்டும், அல்லது 30 நொடி தாக்குப்பிடிக்க வேண்டும், அல்லது மூன்று துள்ளலைச் சமாளிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் சேர்ந்து தொற்றினால் அந்தப் பிடி செல்லாது. இதில் எதுவும் நிறைவேறாமல் எல்லையைத் தாண்டினால் மாடு வென்றதாக அறிவிக்கப்படும். சில காளைகள் வந்த வேகத்தில் பறந்துவிடும். சில காளைகள் வாடி வாசலிலேயே நின்று, சுற்றி வளைக்கும் வீரர்களைக் கொம்பால் விலக்கி, திரும்பித் திரும்பி விளையாடும். சிறந்த காளைக்கான பரிசு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைக்குத்தான் போகிறது. அதற்காக ஓடுகிற மாட்டை நிற்க வைக்கப் பயிற்சி என்ற பெயரில் தொழுவத்தில் அடித்துச் சீண்டுகிறவர்கள் உண்டு. அப்படி வளர்ந்த மாடு களத்தில் நிற்கிறதோ இல்லையோ, வீட்டில் தண்ணீர் காட்டும் பிள்ளையைக் குத்தும்.

மாட்டைத் திரும்பப் பிடித்தல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். களத்தின் முடிவில் தடுப்புகள் வழியாக மாடு ஓடி, சேகரிப்பு இடம் என்று சொல்லப்படும் வெளிக்குப் போகும். நீங்களோ மாட்டை அவிழ்த்துவிட்டு வாடிக்குப் பின்னால் நிற்கிறீர்கள். நடுவில் கூட்டமும் தடுப்பும் இருப்பதால் நீங்கள் சுற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் மாடு பல வயல்களைத் தாண்டியிருக்கும். ஆகையால் வாடிக்குள் ஒருவரே நின்று மாட்டை விட வேண்டும். மாட்டுக்கு மிகவும் பழக்கமான அந்த உதவியாளர், உங்கள் முறை நெருங்குவதற்கு முன்பே சேகரிப்பு இடத்துக்குப் போய்க் கயிற்றோடு நின்றுகொள்ள வேண்டும். இருவரும் வாடிக்குள் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தால், பிறகு இருவருமாக மாட்டைத் தேட வேண்டியதுதான். அனுமதிச் சீட்டு இல்லாத உறவினர்களையும் வெளியே சும்மா நிறுத்த வேண்டாம். காலையிலேயே அந்த வெளியை ஒருமுறை நடந்து பார்த்து, சாலைக்குப் போகும் வழி, கண்மாய்க் கரை, தென்னந்தோப்பு, திறந்த கிணறு எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களில் ஆளுக்கு ஒருவராக நிறுத்துங்கள்.

கிணறு என்பதை வெறுமனே எழுதவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத வயல் கிணறுகளில் மிரண்ட காளைகள் விழுவதும், தீயணைப்புத் துறையினர் வந்து கயிறு கட்டித் தூக்குவதும் ஜல்லிக்கட்டுக் காலத்துச் செய்திகளில் வழக்கமானவை.

ஓடிவரும் மாட்டை எதிரே நின்று மறிக்காதீர்கள். அது இன்னும் களத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. சேகரிப்பு இடத்தில் வேடிக்கை பார்ப்பவர்கள் குத்துப்படுவதற்கு இதுவே காரணம். பக்கவாட்டில் இணையாக நடந்து, பெயர் சொல்லி அழைத்து, அது வேகம் குறைந்து தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும்வரை பொறுங்கள். குரலுக்கு நிற்கிற மாடாக இருந்தால் கழுத்தைத் தடவிக் கழுத்துக்கயிற்றைப் போட்டுவிடலாம். நிற்காத மாட்டுக்குத்தான் சுருக்குக் கயிறு. அதைக் கொம்பில் வீசிப் பிடித்து, உடனே ஒரு மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் இழுபறி குறையும். கயிற்றை உங்கள் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. வீட்டுப் பெண்கள் வளர்த்த காளைகள், எத்தனை பேரை விரட்டியிருந்தாலும், அவர்கள் கூப்பிட்டதும் பின்னால் நடந்து வருவதைப் பார்க்கலாம். தங்கை வளர்த்த மாட்டுக்குத் தங்கையையே அழைத்து வருவதுதான் புத்திசாலித்தனம்.

தப்பிவிட்டால் முதல் அரைமணி நேரத்தில் அது போன திசையை மட்டும் விசாரியுங்கள், பின்னால் ஓடாதீர்கள். ஆள் விரட்ட விரட்ட மாடு இன்னும் தூரம் போகும். படத்தை வட்டார மாட்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போடுங்கள். விழாக் குழுவிடமும் அங்குள்ள காவலர்களிடமும் டோக்கன் எண்ணோடு சொல்லிவையுங்கள். பெரும்பாலும் பொழுது சாயும்போது மாடு ஏதாவது ஒரு தொழுவத்தில் மற்ற மாடுகளோடு போய் நின்றிருக்கும். அதைக் கட்டி வைத்துத் தண்ணீர் காட்டியவருக்கு ஒரு வேட்டி துண்டாவது கொடுத்துவிட்டு ஓட்டி வருவது இந்தப் பக்கத்து மரியாதை.

பரிசு

மாடு பிடிபடாமல் போனால் பரிசு உரிமையாளருக்கு, பிடிபட்டால் வீரருக்கு. அண்டா, சைக்கிள், கட்டில், பீரோ, தங்கக்காசு என்று பல வகையில் இருக்கும். நாளின் சிறந்த வீரருக்கும் சிறந்த காளைக்கும் கார், டிராக்டர்வரை போகிறது. டோக்கனைக் காட்டித்தான் வாங்க வேண்டும். மாட்டைக் கட்டிவிட்டு ஒருவரை அனுப்பி வாங்கினால் போதும்; பரிசு மேடைக்குப் போய்விட்டு வந்து மாட்டைத் தேடும் வரிசைமுறை வேண்டாம்.

வீடு வந்த பிறகு

பிடித்த உடனே வண்டியில் ஏற்றாமல் நிழலில் மெதுவாக நடத்துங்கள். மூச்சு அடங்கிய பிறகு தண்ணீரைச் சிறிது சிறிதாகக் காட்டலாம். ஒரே மூச்சில் வாளி முழுவதையும் குடிக்க விட வேண்டாம். அந்த நேரத்திலேயே உடம்பைக் கையால் தடவிப் பாருங்கள், கண்ணால் மட்டும் பார்த்தால் ரோமத்துக்குள் இருக்கும் கீறல் தெரியாது. கொம்பின் அடி, மூக்குத் துளை, திமிலின் இரு பக்கம், குளம்பு இடுக்கு, பின்னங்கால் மூட்டு என்று வரிசையாகப் பார்த்துவிட்டால் ஏறக்குறைய எல்லாம் அகப்பட்டுவிடும். மேலோட்டமான கீறலுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போதுமானவை. கொம்பு அடியில் இரத்தம் கசிந்தாலோ, காலை ஊன்றாமல் நின்றாலோ, களத்திலேயே இருக்கும் கால்நடை மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். கொம்புக் காயத்தைக் கவனிக்காமல் விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், பிறகு அந்தக் கொம்பே போகலாம்.

அன்றிரவு பச்சைத் தீவனமும் வைக்கோலும் மட்டும். அடர்தீவனத்தை மறுநாளிலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள். சாணம் போடுகிறதா, அசை போடுகிறதா என்று இரண்டு நாள் கவனித்தாலே உடல்நிலை தெரிந்துவிடும். மூக்குத் துளை புண்ணாகியிருந்தால் ஆறும்வரை புதிய மூக்கணாங்கயிறு கோக்காமல் கழுத்துக்கயிற்றிலேயே வைத்திருங்கள்.

மாடு பிடிபட்டுவிட்டது என்பதற்காக மறுவாரமே விலை பேசி அடிமாட்டுக்குத் தள்ளுகிறவர்களும் இதே வட்டாரத்தில் இருக்கிறார்கள். முதல் முறை பிடிபட்ட காளை அடுத்த ஆண்டு நின்று விளையாடுவது அரிதானதன்று. வயதும் கூட்டப் பழக்கமும் கூடும்போது மாட்டின் போக்கே மாறுவதுண்டு. அடுத்த ஊருக்குக் கொண்டுபோவதற்கு முன் குறைந்தது இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி கொடுங்கள். அந்த ஊருக்கான பதிவுமுறை மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபடும் என்பதால் விழாக் குழுவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, உடல்தகுதிச் சான்றையும் அதற்கென்று புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.